சொன்னவன் ஏற வேண்டும்

ஜூன் 3

அண்ணா,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ இதைப் பிரிக்காமல் அண்ணியிடம் நீட்டியிருப்பாய். பரவாயில்லை, அண்ணி முதலில் படிக்கட்டும். கோபப்பட இதில் ஒன்றுமில்லை என்று அவரே உன்னிடம் சொல்வார்.

சமாதானம் பேச எழுதவில்லை. வேலை விஷயம். நாங்கள் தொகுக்கும் பேச்சுவழக்கு அகராதியில் இந்த வருடம் எனக்குக் கொடுத்திருக்கும் பகுதி, தமிழ் பேசும்போது நாம் நடுவில் கலந்து பேசும் ஆங்கிலக் கொச்சைச் சொற்கள். அவற்றில் ஒன்று ‘நெயில்டு இட்’. ஆணி அடிப்பதிலிருந்து கிளம்பிய சொல். ஒரு காரியத்தைப் பிசகில்லாமல் முடித்துவிட்டால் சொல்வது. நல்லபடியாகப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வரும் பெண் தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்கிறாள். மேடையிலிருந்து இறங்கும் பாடகரைப் பார்த்து நண்பர்கள் சொல்கிறார்கள். கருகிய கேக்கைப் படமெடுத்து, அதன் கீழே இதே சொல்லை எழுதினால் அது கிண்டல். இதுவரை என்னிடம் சேர்ந்திருப்பது இவ்வளவுதான்.

எங்கள் தொகுப்பாசிரியர் இதில் கறாரானவர். யார் சொன்னது, யாரிடம், எந்தச் சந்தர்ப்பத்தில் என்று தேதியோடு எழுத்தில் இருந்தால்தான் சான்றாக ஏற்பார். போனில் கேட்டதைக் குறித்துக்கொண்டு போனால் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதனால்தான் கடிதம். போனில் பேசினால் நாம் இருவரும் மறுபடி கத்திக்கொள்வோம் என்பது இன்னொரு காரணம்.

லிஃப்ட் வேலை முடிந்ததும் நீங்கள் எல்லோரும் வாக்கி-டாக்கியில் இந்தச் சொல்லைக் கத்துவீர்களாம். குழாயில் வாஷர் மாற்றினால்கூட நீ வீடு அதிரக் கத்துகிறாயாம். அண்ணி எழுதியிருந்தார். அது எப்படி ஆரம்பித்தது, யார் சொல்ல வேண்டும், எப்போது சொல்லலாம் என்று எழுதுவாயா?

உன் இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். கேட்டுவிட்டேன். பதில் சொல்லாவிட்டாலும் சரி.

தங்கை


ஜூன் 14

அகராதிக்கு,

அண்ணிகிட்ட கொடுக்கல. நானேதான் பிரிச்சேன், இதையும் உன் தொகுப்பாசிரியர்கிட்ட தேதியோட சொல்லு. சின்ன வயசுலயே அகராதி பிடிச்சவள்னு உன்னை வீட்ல திட்டுவாங்க. அதையே சம்பளம் வாங்குற வேலையா ஆக்கிக்கிட்டே பாரு, கெட்டிக்காரிதான்.

நான் பேசுற மாதிரிதான் எழுதுவேன். சிவப்பு மையால திருத்தி அனுப்பாதே.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ. லிஃப்ட்டுல ஆணியே கிடையாது. எல்லாம் போல்ட்டு. அந்த வார்த்தையக் கொண்டுவந்தது கொக்கு. என் கூட வேலை செய்ற ஆளு, ஒல்லியா நெட்டையா இருப்பான், குனிஞ்சாத்தான் கேபினுக்குள்ளயே நுழைய முடியும். அவன் பொண்ணு பரீட்சை முடிஞ்சு வந்து ‘அப்பா, நெயில்டு இட்’ன்னு சொல்லிச்சாம். மறுநாள் இவன் வாக்கில கத்தினான். எங்க வாயில அது ‘நெயில்டு’ன்னு நின்னுடுச்சு.

எப்ப சொல்லலாம்னு கேட்டே. கவனமாக் குறிச்சுக்கோ. லிஃப்ட் கேபினுக்கு அடியில ரெண்டு பக்கமும் இரும்புத் தாடை இருக்கும். கயிறு அறுந்தாலோ, வேகம் எல்லை மீறினாலோ, அது தண்டவாளத்தைக் கவ்விப் பிடிச்சு கேபினை நிறுத்தணும். அது கவ்வுதான்னு பார்க்கிறதுதான் கடைசி சோதனை. ஆள் யாரும் ஏறாம, இரும்பு எடைக்கல்லா அடுக்கி, கேபினை வேகமா இறக்கி விடுவோம். கல்லைத் தூக்கி ஏத்தி இறக்கவே அரை நாள் ஓடிடும், முதுகு கழண்டுடும். அதனால எல்லாருக்கும் அந்தச் சோதனைன்னா கசப்பு. ஆனா செஞ்சே ஆகணும். ஏன்னா தொழிற்சாலைல இருந்து வர்றப்போ தாடை ஆடாம இருக்க ஒரு சிவப்புத் தகடு சொருகி அனுப்புவாங்க. அதை எடுக்க மறந்தாலும் லிஃப்ட் ஜோரா ஓடும். வருஷக்கணக்குல ஓடும். என்னைக்கு வேணுமோ அன்னைக்கு மட்டும் தாடை அசையாது.

கேபின் டம்முனு நின்னதும் லிஃப்ட் ஓடுற ஷாஃப்ட்டே ஒரு குலுங்கு குலுங்கும். அப்ப நான் வாக்கில சொல்லுவேன். ஆபீஸ்ல அதைக் கேட்டாத்தான் வேலை முடிஞ்சதாப் பதிவு பண்ணுவாங்க. சொல்லிட்டு சும்மா இருக்க முடியாது. கல்லை இறக்கினதும், யார் சொன்னாங்களோ அவங்கதான் முதல்ல ஏறணும். உச்சி மாடியிலேர்ந்து கீழ வரைக்கும். ‘சொன்னவன் ஏறணும்.’ இது எந்தக் கம்பெனி சட்டத்துலயும் இல்ல, எங்க குரூப்பு வழக்கம்.

இடுப்பு குளிர் நாள்ல பேசும். மத்தபடி சரி. நான் விழுந்தது லிஃப்ட்டுலேர்ந்து இல்ல, சாரத்துலேர்ந்து. அதை அப்பவே சொன்னேன், நீ காதுல வாங்கல.

அண்ணன்


ஜூலை 1

அண்ணா,

உன் கடிதத்தைத் தொகுப்பாசிரியரிடம் காட்டினேன். எங்கள் அலுவலகம் ஆறாவது மாடியில். அவர் கனத்த மனிதர், ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வருவார். வந்து உட்கார்ந்ததும் கடிதத்தை இரண்டு முறை படித்தார். “உங்க அண்ணனுக்கு நம்ம ஆபீஸ்ல வேலை கொடுக்கலாமே. இதுக்கு மேல ஒரு சொல்லை யார் விளக்குவாங்க?” என்றார்.

என்னிடம் இருக்கும் மற்றச் சான்றுகளையும் உன்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மற்ற இடங்களில் இந்தச் சொல்லைச் சொல்வதற்குச் செலவே இல்லை. பாடகர் சுமாராகப் பாடியிருந்தாலும் நண்பர்கள் சொல்லலாம். யாருக்கும் ஒன்றும் ஆகாது. உன் குழுவில் மட்டும் சொல்லும் ஆள் தன் உடம்பைப் பிணை வைக்கிறார். இப்படி எழுதியிருக்கிறேன்: ‘ஒரு வேலையைச் சோதித்து முடித்தவர், அதன் விளைவைத் தானே முதலில் ஏற்கத் தயாராக இருந்து சொல்வது.’ தொகுப்பாசிரியர் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. இது அபூர்வம்.

எங்கள் கட்டடத்துக்கும் லிஃப்ட் வரப்போகிறது. குழி தோண்டியாகிவிட்டது. தொகுப்பாசிரியர் தினமும் அதன் விளிம்பில் நின்று, குழந்தை மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே வருகிறார்.

சாரமோ லிஃப்டோ, ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. ‘இனிமேல் விழுந்தால் எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம்’ என்று நான் கத்தியது அதனால்தான். அது மன்னிப்பு இல்லை. விளக்கம்.

தங்கை


ஜூலை 20

தங்கச்சி,

உன் விளக்கத்தைக் கொக்குவுக்குப் படிச்சுக் காட்டினேன். ‘நாம இவ்ளோ பெரிய மனுஷங்களா?’ன்னு கேட்டுட்டு அரை நாள் நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தான். நிமிந்து நடந்ததுல தலை ரெண்டு தடவை இடிச்சுது.

இங்க புது மேலாளர் வந்திருக்காரு. எதுக்கெடுத்தாலும் கை தட்டுவாரு. வேலை முடிஞ்சா தட்டுறது சரி, டிபன் டப்பாவைத் திறந்தாக்கூடத் தட்டுறாரு. நாங்க கைத்தட்டின்னு பேர் வெச்சுட்டோம். ஆள் கெட்டவர் இல்ல. வாக்கில நான் கத்தினதைக் கேட்டு அப்படியே மயங்கிட்டாரு. ‘இதுதான் சார் நம்ம கம்பெனியோட ஆன்மா’ங்கிறாரு. என்னை சார்னு கூப்பிட்ட முதல் ஆளு.

இப்ப அந்த வார்த்தை எங்க பார்த்தாலும் இருக்கு. சட்டைல, ஹெல்மெட்ல, வேன்ல. காலைல எல்லா குரூப்பும் கூடி நின்னு, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை சேர்ந்து கத்தணும். கொக்கு கேட்டான், ‘இன்னும் ஸ்பேனரையே கையில எடுக்கலயே சார், எதை முடிச்சோம்?’ எல்லாரும் சிரிச்சுட்டாங்க. கைத்தட்டியும்தான் சிரிச்சாரு. ‘மனசுல முடிச்சுட்டா கையில முடிஞ்ச மாதிரிதான்’ன்னாரு.

ஒரு நாள் ஆபீஸுக்குக் கூப்பிட்டு, ஸ்பாஞ்சு ஒட்டின ரூம்ல மைக் முன்னாடி நிறுத்தி என் குரலைப் பதிவு பண்ணினாங்க. விளம்பரத்துக்காம். எத்தனை தடவை கத்தினாலும் ‘குரல்ல சிரிப்பு வரல சார், இன்னொண்ணு’ங்கிறாங்க. தொண்டை வத்திப்போச்சு. கடைசில கண்ணை மூடிக்கிட்டு நம்ம பழைய கதைய நினைச்சேன். நான் முதன்முதலா தனியா முடிச்ச லிஃப்ட்டுல, காலேஜ் பையோட வந்து என் கூட ஏறினியே. பயத்துல என் சட்டைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, பயமே இல்லைன்னு சொல்லிக்கிட்டு. அதை நினைச்சதும் தானா வந்துடுச்சு. கைத்தட்டி கண்ணுல தண்ணியே வெச்சுட்டாரு.

பதிவான குரல் யாரோ சின்னப் பையன் பேசுற மாதிரி இருந்துச்சு. எனக்கே பிடிச்சிருந்துச்சு.

அண்ணன்


ஆகஸ்ட் 5

அண்ணா,

அந்த நாளை நீ நினைவில் வைத்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பத்தியைப் பல முறை படித்தேன். ஆகவே இனி எழுதப்போவதைக் கோபத்தோடு எழுதவில்லை என்று தெரிந்துகொள்.

நாள் முழுக்கச் சொற்களோடு உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடுகிறது. ஒரு சொல்லை மக்கள் எங்கிருந்து எங்கே நகர்த்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். பெரும்பாலும் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, எனக்கு ஒரு சான்றுச் சீட்டு அதிகம், அவ்வளவுதான். உன் இரண்டு கடிதங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஜூன் மாதம் அந்தச் சொல் கேபின் நின்ற பிறகு வந்தது. ஜூலையில் ஸ்பேனரை எடுக்கும் முன்பே வந்துவிட்டது. ஆபீஸில் இருப்பவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் வேலை முடிந்ததாகப் பதிவு செய்கிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் மற்றக் குழுக்கள் அதை எப்போது சொல்கின்றன? எடைக்கல்லைத் தூக்கிய பிறகா? வேனில் இருக்கும்போதா?

இன்னொன்று. சொன்னவர்கள் இப்போதும் ஏறுகிறார்களா?

நீ சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறாய். நானும் சிரித்துக்கொண்டுதான் படித்தேன். படித்து முடித்ததும் ஜன்னலைச் சாத்த வேண்டும்போல் இருந்தது. காற்று எதுவும் அடிக்கவில்லை.

தங்கை


ஆகஸ்ட் 19

அகராதி பிடிச்சவளே,

ஆறாவது மாடில காத்தோட்டமா உட்கார்ந்துக்கிட்டு எங்க வேலைல குத்தம் கண்டுபிடிக்கிற பாரு. என் குரூப்பு கல்லை ஏத்தாம ஒரு லிஃப்ட்டையும் விட்டதில்ல. இனியும் விடாது. இதை உன் சீட்டுல எழுதி ஒட்டிக்கோ.

நேத்து இந்த வரியோட நிறுத்திட்டு மடிச்சு வெச்சேன். அண்ணி ‘கேட்டதுக்குப் பதில் எங்கே?’ன்னாங்க. சரி, எழுதுறேன்.

ஏறுறதை நிறுத்திட்டாங்க. இன்ஷூரன்ஸ் ஒத்துக்காதாம். எங்க வழக்கம் அபாயமாம். வாக்கியையும் திருப்பி வாங்கிட்டாங்க. இப்ப ஒவ்வொரு லிஃப்ட்டுலயும் கதவு ஓரமா ஒரு பெட்டி. வேலை முடிஞ்சதும் குரூப்புத் தலைவர் அதுல ஒரு பொத்தானை அமுக்கணும். உடனே ஆபீஸ்ல பதிவாகிடும். பெட்டிலேர்ந்து என் குரல் வரும், எல்லாரும் கை தட்டுவாங்க. விளம்பரத்துக்குன்னு பதிவு பண்ணினது இதுக்குத்தான்னு எனக்கு அப்பத்தான் தெரியும்.

எடைக்கல்லு கம்பெனிக்கே ஒரு செட்டுதான். மத்த குரூப்பு கேட்டா மாத்தி மாத்திக் கொடுப்போம். இப்ப ரொம்ப நாளா எங்க வேன்லயே கிடக்கு. யாரும் கேக்கறதில்ல.

கொக்குவை என்கிட்டேர்ந்து பிரிச்சு வேற குரூப்புல போட்டுட்டாங்க. அவன் போன வாரம் பஸ் ஸ்டாண்டுல என்னைப் பார்த்தான். ‘அண்ணே, நீ வராத கட்டடத்துல உன் குரல் கேக்குது. முதல் நாள் திரும்பிப் பார்த்துட்டேன்’ன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். ஆனா என் மூஞ்சியப் பார்க்கல.

அண்ணன்


செப்டம்பர் 2

அண்ணா,

எங்கள் லிஃப்டை நேற்றுத் திறந்துவிட்டார்கள். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் படிக்கட்டில் கூடி நின்றோம். தொகுப்பாசிரியர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். சீருடை போட்ட ஒருவர் உள்ளே கைவிட்டு எதையோ அமுக்கினார்.

உன் குரல் கேட்டது.

ஒலிபெருக்கி என்று முதலில் எனக்குத் தோன்றவே இல்லை. நீ உள்ளே நிற்கிறாய், கதவு இன்னும் கொஞ்சம் திறந்தால் தெரிவாய் என்று நினைத்தேன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். உள்ளே கண்ணாடிதான் இருந்தது, அதில் நான் தெரிந்தேன்.

அது பெட்டி என்று பிறகு புரிந்தது. நீ வராத இடத்திலும் அது பேசும் என்று தெரிந்தும் மனம் கேட்கவில்லை. இந்த லிஃப்டை மாட்டியது உங்கள் கம்பெனி. குரல் உன்னுடையது. ஜூலை முழுக்க இங்கே வேலை நடந்தது. நீ இந்த ஊருக்கு வந்து, இந்தப் படிக்கட்டின் கீழேயே நாள்கணக்கில் வேலை பார்த்துவிட்டு, ஆறு மாடி ஏறி வந்து என்னைப் பார்க்காமல் போய்விட்டாயா? அவ்வளவு கோபமா உனக்கு? எடைக்கல் தூக்கும் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லையே.

தொகுப்பாசிரியர் இன்று காலையிலிருந்து காரணமே இல்லாமல் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறார். நான் படியில்தான் வந்தேன். பயத்தினால் இல்லை. உன் மேல் வருத்தம்.

தங்கை


செப்டம்பர் 7

தங்கச்சி,

உன் கடிதம் கிடைச்சதும் போன் பண்ணி, எத்தனையோ நாள் கழிச்சு உன் குரல் கேட்டேன். கேட்டதும் கத்திட்டேன். நீ அழுதது தெரிஞ்சுது. அதான் நிதானமா எழுதுறேன்.

நான் உன் ஊருக்கு வரல. வந்திருந்தா ஆறு மாடி இல்ல, அறுபது மாடின்னாலும் இந்த இடுப்போட ஏறி வந்திருப்பேன். நீ கதவைச் சாத்தியிருந்தா வாசல்ல உட்கார்ந்திருப்பேன். இதை முதல்ல மனசுல வாங்கிக்கோ.

எடைக்கல்லு சத்தம் கேக்கலன்னு எழுதியிருந்தே. அந்த வரிய நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். கேட்டிருக்காது. ஜூலை முழுக்கக் கல்லு எங்க வேன்ல இருந்துச்சு.

கைத்தட்டிகிட்ட போனேன். என் குரலை எடுக்கச் சொன்னேன். பொறுமையாத்தான் பேசினாரு. ‘சார், அது உங்க குரல் இல்ல, கம்பெனி குரல். நீங்களே மனசாரக் கொடுத்தது’ன்னாரு. ‘எங்கெங்க வெச்சிருக்கீங்க?’ன்னு கேட்டேன். பெருமையாச் சிரிச்சாரு. ‘எல்லா இடத்துலயும் சார்.’ அந்தச் சிரிப்புல பொய்யே இல்ல. அவர் மனசுல நிஜமாவே எல்லா வேலையும் முடிஞ்சுடுச்சு. அதான் எனக்குப் பயமா இருக்கு. திருடன்னா சட்டையப் பிடிக்கலாம்.

ஹெல்மெட்டைக் கழட்டி அவர் மேஜைல வெச்சுட்டு வந்துட்டேன். அண்ணி விஷயத்தைக் கேட்டதும் பையை எடுத்து வெச்சாங்க.

சாமானெல்லாம் கம்பெனியோடது, சொந்தமாச் சேர்த்துக்கிட்டு நானே வந்து உன் லிஃப்ட்டைப் பார்க்கிறேன். கொக்குவும் லீவு சொல்லிட்டு வர்றான், இது ஒத்தை ஆள் வேலை இல்ல. அதுவரைக்கும் யாரும் ஏறாமப் பார்த்துக்கோ. நீ ஏறாதே. லிஃப்ட் நல்லா ஓடுதேன்னு நம்பாதே. நல்லாத்தான் ஓடும்.

அண்ணன்


செப்டம்பர் 17

அண்ணா,

நீ கிளம்பும் முன் இது வந்து சேருமா என்று தெரியவில்லை.

ஒவ்வொரு மாடியிலும் கதவில் ‘ஏற வேண்டாம்’ என்று எழுதி ஒட்டினேன். கட்டட மேலாளர் பின்னாலேயே வந்து கிழித்துக்கொண்டே போனார். “மேடம், நீங்க டிக்‌ஷனரி ஆளு. லிஃப்ட்டுக்கு அர்த்தம் வேணும்னா உங்களைக் கேக்கறேன்” என்றார். கம்பெனிக்குப் போன் செய்தார். சோதனை முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறது என்று பதில் வந்தது. அரசு ஆய்வாளருக்கு எழுதினேன். விசாரிக்கிறோம் என்கிறார்கள். இரண்டாம் மாடிப் பெண்கள் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார்கள்.

தொகுப்பாசிரியரிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு தன் காலைத் தடவிக்கொண்டார். “நம்புறேம்மா. ஒரு வரி விடாம நம்புறேன். ஆனா முட்டி நம்ப மாட்டேங்குது” என்றார். இரண்டு நாள் படியில் ஏறினார். மூன்றாம் நாள் நான்காவது மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், உதடு வெளுத்துப்போயிருந்தது. மறுநாள் லிஃப்ட் வாசலில் நின்றார். என்னைப் பார்க்காமல் உள்ளே போனார்.

அவர் தனியாக மேலே போவதை நின்று பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. நானும் ஏறினேன். திட்டாதே. அதன் பிறகு தினமும் ஏறுகிறேன், அவர் பக்கத்தில் நின்றுகொண்டு. அவர் எண்களைப் பார்க்கிறார், நான் தரையைப் பார்க்கிறேன். கேபின் வழுக்கிக்கொண்டு போகிறது, ஒரு சிறு அதிர்வுகூட இல்லை. எவ்வளவு அருமையாக ஓடுகிறது தெரியுமா அண்ணா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சீக்கிரம் வா.

தங்கை


செப்டம்பர் 26

அண்ணா,

நீயும் கொக்கு அண்ணனும் அடுத்த ஊரில் தங்கும் விடுதியின் முகவரிக்கு இதை அனுப்புகிறேன். நீ இங்கே இருந்தபோது நாம் சாப்பாடு, ரயில் நேரம், அண்ணியின் பல்வலி என்று எல்லாவற்றையும் பேசினோம். அந்த மதியத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. எழுதினால்தான் எனக்கு அடங்கும்.

கட்டட மேலாளர் உன்னை வாசலிலேயே மறித்ததும், “முதல்ல எல்லாரையும் இறக்குங்க!” என்று நீ போட்ட சத்தத்தில் அவர் முகம் மாறியது நினைவிருக்கிறதா? “அட, பெட்டிக்குள்ள இருக்கிற ஆளு!” என்றார். அந்தக் குரல்தான் உன்னை உள்ளே விட்டது. விந்தைதான்.

நீ கேபினுக்கு அடியில் போய் டார்ச் அடித்தாய். ஸ்பேனர் இரும்பில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு உன் கை மட்டும் மேலே வந்தது, ஒரு சிவப்புத் தகட்டோடு. கொக்கு அண்ணன் அதை வாங்கித் தரையில் வைத்தார். மறுபடி கை வந்தது. இன்னொரு தகடு. பக்கத்தில் நின்றிருந்த இரண்டாம் மாடிப் பெண்களுக்கு அது என்னவென்று தெரியாது. தொகுப்பாசிரியருக்குத் தெரியும். அவர் மெதுவாகப் படிக்கட்டில் உட்கார்ந்தார். இத்தனை நாளும் நாங்கள் இருவரும் அந்தத் தகடுகளின் மேல்தான் நின்றுகொண்டு போயிருக்கிறோம்.

எடைக்கல் இல்லை. கிடங்கில் விற்காமல் கிடந்த பழைய பதிப்பைக் கட்டுக்கட்டாக அடுக்கினோம். “இதுக்காவது உபயோகப்படட்டும்” என்று தொகுப்பாசிரியரே இரண்டு கட்டு தூக்கினார். எங்கள் அகராதி இவ்வளவு பாரம் என்று அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. நீ மேலே போய்க் கேபினை வேகமாக விட்டாய். அது கவ்வி நின்றபோது கட்டடமே குலுங்கியது. ஜூலை மாதம் நான் கேட்டிருக்க வேண்டிய சத்தம் அது.

நீ இறங்கி வந்தாய். எல்லோரும் உன் வாயையே பார்த்தோம். நானும்தான். நீ அந்தச் சொல்லைச் சொல்வாய் என்று காத்திருந்தேன். அதற்குள் கட்டட மேலாளர், பாவம், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு பெட்டியில் பொத்தானை அமுக்கிவிட்டார். உன் பழைய குரல் சந்தோஷமாகக் கத்தியது. அதில் நான் இருக்கிறேன், உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு. நீ அதைக் கேட்டுக்கொண்டு நின்றாய், யாரோ ஒருவன் பேசுவதைக் கேட்பதுபோல. கடைசிவரை நீ வாயைத் திறக்கவில்லை. கட்டுகளை இறக்கிவிட்டு ஏறி, உச்சி மாடி வரை போய் வந்தாய்.

தகடுகள் இரண்டும் என் மேஜை இழுப்பறையில், அந்தச் சொல்லின் சீட்டுகளோடு இருக்கின்றன. அகராதி வேலையில் ஒரு கொடுமை உண்டு. மக்கள் எப்படிச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் எழுதக் கூடாது. எப்படிச் சொல்கிறார்கள் என்றுதான் எழுத வேண்டும். ‘ஒரு வேலையைச் செய்யாமலே, செய்து முடித்ததாக அறிவிக்கும் ஒலி’ என்று ஒரு பொருளைச் சேர்த்திருக்கிறேன். போதுமான சான்று இருப்பதாகத் தொகுப்பாசிரியர் ஒப்புக்கொண்டார். உன் பொருளையும் விட்டுவிடவில்லை. அதன் பக்கத்தில் ‘அருகிய வழக்கு’ என்று குறித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன்.

சோதிக்காத லிஃப்டுகள் எத்தனை ஊரில் இருப்பதாகக் கொக்கு அண்ணன் சொன்னார்? நீ என்னிடம் மழுப்பிவிட்டாய்.

விழுந்தால் எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று சொன்னேனே, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இது விளக்கம் இல்லை.

தங்கை


அக்டோபர் 4

தங்கச்சி,

உன் கடிதம் கிடைச்சுது. மடிச்சு சட்டைப் பைல வெச்சிருக்கேன்.

இது ரொம்ப உயரமான கட்டடம். மேல குடும்பங்க குடியிருக்காங்க, கீழ ரெண்டு மாடி ஆஸ்பத்திரி. காலைலேர்ந்து வாசல்ல நிக்கிறோம். கொக்கு காவல்காரர் காலைத் தொடாத குறையாக் கெஞ்சிட்டான். உள்ள விடல.

அந்தக் காவல்காரர் நல்ல மனுஷன்தான். எனக்கு உட்கார ஸ்டூல் கொடுத்தாரு. நான் யாருன்னு சொன்னேன். நம்பல. சரி, கேளுங்கன்னு அந்த வார்த்தைய என் வாயாலயே ஒரு தடவை கத்திக் காட்டினேன். இத்தனை நாள் சொல்லாம வெச்சிருந்தது. சுத்தி நின்னவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. அவர் மூஞ்சி அப்படியே மலர்ந்துபோச்சு. என் கையப் பிடிச்சுக் குலுக்கினாரு.

“உங்க குரல்தானா சார் அது! அப்புறம் என்ன சார் கவலை? முடிஞ்சுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே!”

சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பி, சக்கர நாற்காலில வந்த ஒரு அம்மாவுக்கு லிஃப்ட் கதவைப் பிடிச்சுக்கிட்டாரு. அவங்க பின்னாடி இன்னும் ஆளுங்க போறாங்க. நான் ஸ்டூல்ல உட்கார்ந்து இதை எழுதுறேன்.

அண்ணன்